யார் தலையில் விடிகிறது?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு கேள்விக்கு, போரில் பொதுமக்களைக் குறிவைத்துக் கொல்வதற்கு எந்தப் பக்கத்துக்கும் நியாயம் கிடையாது என்று இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. இணையத்தில் முன்பின் தெரியாதவர்களோடு போர், நீதி, அறம் என்று வாதிடுகிறோம், அங்கே இப்படி மாட்டிக்கொண்டேன், என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இரவு சமையலறை வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் யாரோ ஒருவருடன் உலக விஷயம் வாதிடுவேன். "சும்மா விதண்டாவாதம் பண்ணிக்கொண்டிருக்கிறாய்" என்கிறார் கணவர். அப்படியா?
– வாசகி, ஈரோடு

வீட்டில் யார் எதிர்த்துப் பேசினாலும் விதண்டாவாதம் என்றுவிடுகிறோம். ஆனால் நியாய சாஸ்திரக்காரர்கள் அந்தச் சொல்லுக்குத் திட்டமான பொருள் வைத்திருந்தார்கள். வாதம், ஜல்பம், விதண்டை என்று பேச்சை மூன்றாகப் பிரித்தார்கள். எது உண்மை என்று தெரிந்துகொள்ள இருவரும் பேசினால் அது வாதம். வார்த்தையைத் திரித்தாவது ஜெயித்துவிட வேண்டும் என்று பேசினால் ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியே வைக்காமல், எதிராளி எதைச் சொன்னாலும் அதை உடைப்பது மட்டுமே வேலை என்றால் அதுதான் விதண்டை.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான் அம்மா. "நான் நம்புவது இது, இதை நம்புவதால் இன்ன கஷ்டம் வரும், அது இன்னார் தலையில் விடியும்" என்று ஒரு தடவையாவது எதிராளியிடம் எழுதியிருக்கிறீர்களா? எழுதியிருந்தால் உங்கள் கணவர் சொல்வது தப்பு. அப்படி எழுதுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அமெரிக்கா மோசம், ரஷ்யா மோசம், ஐ.நா. உதவாக்கரை என்று சொல்ல எல்லோருக்கும் வருகிறது. சரி, நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டால் ஆள் இருக்க மாட்டார்.

ஹிரோஷிமாவில் குண்டு போடாவிட்டால் பத்து லட்சம் பேர் செத்திருப்பார்கள், அதனால் போட்டது சரி என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அது தப்பு என்று மனசுக்குத் தெரிகிறது, வாதமாகச் சொல்ல வரவில்லை. எப்படிச் சொல்வது அண்ணா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

தம்பி, முதலில் அந்தப் பத்து லட்சம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். போரின்போது அமெரிக்கப் போர்த்துறை அமைச்சராக இருந்த ஹென்றி ஸ்டிம்சன் 1947 பிப்ரவரியில் எழுதிய கட்டுரை வழியாகத்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. குண்டு போட்டு ஒன்றரை வருடம் கழித்து, அதை நியாயப்படுத்த எழுதிய கட்டுரை அது. அதிலும் அவர் சொன்னது அமெரிக்கப் படையின் சேதம் பத்து லட்சத்தைத் தாண்டலாம் என்பதுதான். படைக் கணக்கில் சேதம் என்றால் காயம்பட்டவர்களும் சேர்த்தி. எழுபது வருடம் வாய் வாயாக வந்ததில் அது "பத்து லட்சம் சாவு" ஆகிவிட்டது.

அப்புறம், "குண்டு போடு, இல்லையென்றால் தரைவழியாகப் படையெடு" என்று இரண்டு வழிதான் இருந்ததா? 1945 ஜூலை 26 அன்று நேச நாடுகளின் போட்ஸ்டாம் அறிவிப்பு ஜப்பானிடம் நிபந்தனையற்ற சரணடைவைக் கேட்டது. பேரரசரை என்ன செய்வார்கள் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா. 8-ஆம் தேதி சோவியத் ஒன்றியம் ஜப்பான் மீது போர் அறிவித்தது. 9 நாகசாகி. 15-ஆம் தேதி பேரரசரின் குரல் வானொலியில் வந்தது. போர் முடிந்த பிறகு அந்தப் பேரரசர் அரியணையில்தான் இருந்தார், 1989-இல் இறக்கும் வரை இருந்தார். அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், சோவியத் படை வந்ததே போதுமானதாக இருந்திருக்குமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் மோதிக்கொள்கிறார்கள். எனக்கும் இதில் முடிந்த முடிவு இல்லை.

ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். "கணக்கு தப்பு" என்று மட்டும் வாதிட்டால், கணக்கு சரியாக இருந்திருந்தால் போட்டிருக்கலாம் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். கணக்கு சரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில்தான் எலிசபெத் அன்ஸ்கோம் எழுந்து நின்றார்.

1956-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம், குண்டு போட்டபோது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் கொடுக்க முடிவு செய்தது. அன்ஸ்கோம் அங்கே தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தார், விட்கென்ஸ்டைனின் மாணவி. பல்கலைக்கழகச் சபையில் எழுந்து, பட்டம் கொடுக்கக் கூடாது என்று பேசினார். கூட நின்றவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். பட்டம் கொடுத்தார்கள். அவர் தன் வாதத்தைச் சிறு வெளியீடாக அச்சிட்டார். அதன் சாரம் இதுதான்: ஒரு காரியத்தைச் சாதிக்கும் வழியாகக் குற்றமற்றவர்களைக் கொல்வது என்று நீ முடிவெடுத்தால் அது கொலை, எந்தக் கணக்கும் அதை வேறொன்றாக மாற்றாது. ஆயுதக் கிடங்கைத் தாக்கும்போது பக்கத்தில் இருப்பவர் சாவது வேறு. ஒரு நகரத்து மக்கள் சாவதைப் பார்த்து அரசு பணிய வேண்டும் என்றே அவர்களைக் கொல்வது வேறு. இவ்வளவு உயிரிழப்பு வரும் என்ற நெருக்கடியே நிபந்தனையற்ற சரணடைவு கேட்டதால் வந்தது என்பதையும் அவர் விடவில்லை.

பல வருடம் நான் அப்படியே அன்ஸ்கோமின் பக்கம்தான் நின்றேன். இப்போதும் அந்தப் பக்கம்தான். ஆனால் மூன்று வருடம் முன்பு முகம் தெரியாத ஒருவர் என்னை அசைத்துவிட்டார், அதை உங்களிடம் சொல்லாமல் விட்டால் பாதிப் பதில்தான் சொன்னதாக ஆகும்.

அவர் மலேசியாக்காரர், தமிழர், என்னைவிட மூத்தவர். நான் ஹிரோஷிமா பற்றி எழுதியதற்கு அவர் பதில் எழுதினார். அவருடைய அப்பா ரப்பர்த் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயில் வேலைக்கு இழுத்துப் போகப்பட்டவர். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை. 1942–43-இல் ஜப்பானியப் படை காட்டை வெட்டிப் போட்ட பாதை. நேச நாட்டுக் கைதிகள் 12,000 பேருக்கு மேல் அங்கே செத்தார்கள். ஆசியக் கூலிகள் அதைப்போலப் பல மடங்கு, அவர்களில் பெரும் பங்கு மலாயாத் தோட்டத் தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறை வரிசை இருக்கிறது. நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட ஒழுங்காக இல்லை. பாதை முடிந்த பிறகும் அதைப் பராமரிக்க ஆட்களைப் போர் முடியும்வரை அங்கேயே வைத்திருந்தார்கள்.

அவர் எழுதியது: "நீங்கள் ஹிரோஷிமாக் குழந்தைகளைப் பற்றி எழுதுகிறீர்கள். எங்கப்பா அப்போது முகாமில் இருந்தார். போர் இன்னும் ஆறு மாதம் இழுத்திருந்தால் நான் பிறந்திருக்க மாட்டேன். உங்கள் அறத்துக்கு எங்கப்பாவைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்."

இரண்டு நாள் நான் ஒன்றும் எழுதவில்லை. அமெரிக்கச் சிப்பாய் எத்தனை பேர், ஜப்பானியர் எத்தனை பேர் என்ற கணக்கையே இத்தனை வருடம் படித்தவன், போர் நீண்ட ஒவ்வொரு மாதமும் சீனாவிலும் வியட்நாமிலும் மலாயாவிலும் செத்துக்கொண்டிருந்தவர்களை அந்தக் கணக்கில் சேர்த்ததே இல்லை. அது என் தவறு, அதை அவரிடம் முதல் வரியிலேயே சொன்னேன்.

பிறகு எனக்குத் தெரிந்ததை எழுதினேன். அன்று காலை ஹிரோஷிமாவின் நடுவில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள், தீ பரவாமல் இருக்கக் கட்டடங்களை இடித்து ஒதுக்கும் வேலைக்கு வகுப்பு வகுப்பாக அழைத்து வரப்பட்டவர்கள். ஆயிரக்கணக்கான கொரியர்களும் இருந்தார்கள், அவர்களில் பலர் உங்கள் அப்பாவைப் போலவே கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்டவர்கள். அந்த வருடக் கடைசிக்குள் அந்த ஊரில் செத்தவர்கள் சுமார் 1,40,000 பேர். உங்கள் அப்பாவைத் தோட்டத்திலிருந்து பிடித்துப் போனவர்கள் இவர்கள் இல்லை. என் பேச்சைக் கேட்டிருந்தால் உங்கள் அப்பா திரும்பாமல் போயிருக்கலாம், அதை நான் மறைக்க மாட்டேன். என் கொள்கைக்கு விலை இருக்கிறது, அந்த விலையை நான் கொடுக்கவில்லை, உங்கள் குடும்பம் கொடுத்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் இன்னும் அது கொலை என்கிறேன் என்று எழுதினேன்.

கொரியர்கள் விஷயம் தனக்குத் தெரியாது என்றார். சம்மதித்துவிட்டாரா என்றால் இல்லை. நானும் அவர் சொன்னதை ஏற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் ஹிரோஷிமா பற்றி எங்கே பேசினாலும் சயாம் ரயிலைச் சொல்லாமல் பேசியதில்லை.

நீங்களும் அந்த ஆளிடம் அப்படியே கேளுங்கள் தம்பி. "பத்து லட்சம் பேரைக் காப்பாற்ற, உங்கள் ஊரில் உங்கள் தங்கை படிக்கும் பள்ளிமேல் போட வேண்டும் என்றால் போடச் சொல்வீர்களா?" போடுவேன் என்று அவர் நிஜமாகவே சொன்னால் அவருடைய கட்சியில் ஒரு நேர்மை இருக்கிறது. நீங்களும் உங்கள் பக்கத்து விலையை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அவர்கள் பத்துப் பேரைக் கொன்றால் இவர்களும் பத்துப் பேரைத்தான் கொல்லலாம், போர்ச் சட்டத்தில் விகிதாசாரம் என்றால் இதுதான் என்கிறார்களே?
– வாசகர், சேலம்

இல்லை. பழிக்குப் பழி எண்ணிக்கைக் கணக்கு சட்டத்தில் எங்கேயும் கிடையாது. 1977-இல் ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறையின் 51-ஆம் பிரிவு சொல்வது வேறு. ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன்பு, அதனால் கிடைக்கும் நேரடியான இராணுவப் பலன் என்ன, அதில் பொதுமக்களுக்கு எவ்வளவு இழப்பு வரும் என்று எதிர்பார்க்கிறாய், இழப்பு பலனைவிட மிஞ்சிப்போகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. மிஞ்சினால் தாக்கக் கூடாது. எதிரி நேற்று எத்தனை பேரைக் கொன்றான் என்பது அந்தத் தராசில் ஏறாது. ஆகவே காஸா போரில் "ஹமாஸ் 1,200 பேரைக் கொன்றது" என்பதும் சரியான பதில் இல்லை, "இஸ்ரேல் அதைவிடப் பல மடங்கு கொன்றுவிட்டது" என்பது மட்டுமே வாதமும் இல்லை. இந்தத் தாக்குதலில், இந்தக் கட்டடத்தில் யார் இருந்தார்கள், என்ன பலன் எதிர்பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டும். அது கடினமான வேலை, அதனால்தான் யாரும் கேட்பதில்லை. அமெரிக்கா, இஸ்ரேல், இந்தியா மூன்றுமே அந்த நெறிமுறையில் சேரவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனாலும் இந்த விதி வழக்காறாகவே எல்லா நாடுகளையும் கட்டும் என்பதுதான் பரவலான சட்டக் கருத்து.

காஸாவுக்காகக் கதைக்கச் சொல்லி என்னை ஒருவர் ஏசுகிறார். 2009-இல் எங்களுக்காக யார் கதைத்தது? நான் ஏன் கதைக்க வேண்டும்?
– பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்

உங்களிடம் "கதைத்தே ஆக வேண்டும்" என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் உட்கார்ந்து அந்த மே மாதத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவன் நான்.

உங்கள் கோபத்துக்கு ஆதாரம் இருக்கிறது. போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், மே 26, 27 தேதிகளில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை கூடியது. இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானம் 29 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்தவை 12. ஆதரித்தவர்களில் இந்தியா உண்டு, சீனா, ரஷ்யா, பாகிஸ்தான், கியூபா உண்டு. ஒடுக்கப்பட்டவர்களின் தோழர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் நாடுகள் அவை. ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் தந்த அறிக்கையில், இறுதி மாதங்களில் செத்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்றது. அரசே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடங்களில் குண்டு விழுந்ததாக நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உண்டு என்றது. அதே அறிக்கை, புலிகள் மக்களைத் தப்பவிடாமல் கேடயமாக வைத்திருந்ததையும் தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும் அதே சொல்லால் பதிவு செய்தது. நான் பொதுமக்கள் பக்கம் என்று எழுதிவிட்டு இந்த இரண்டாவது பகுதியை விழுங்க முடியாது.

"அப்போது எங்கே போனீர்கள்?" என்ற கேள்வியை இரண்டு விதமாகக் கேட்கலாம். காஸாவுக்குச் சொல்லும் விதியை முள்ளிவாய்க்காலுக்கும் சொல் என்று கேட்பது ஒன்று. அது முழுக்க நியாயமான கேள்வி, கேட்டுக்கொண்டே இருங்கள், யார் முகம் சுளித்தாலும் கேளுங்கள். முள்ளிவாய்க்காலுக்குச் சொல்லவில்லை, அதனால் காஸாவுக்கும் சொல்லாதே என்பது இரண்டாவது. அதில் லாபம் அடைவது 2009-இல் உங்களைக் கைவிட்ட அரசுகள் மட்டும்தான், ஏனென்றால் யாரும் யாருக்காகவும் பேசாத உலகம்தான் அவர்களுக்கு வசதி. ஜெனீவாவில் அன்று கையைத் தூக்கியவர்கள் அரசுப் பிரதிநிதிகள். காஸாவில் கூடாரத்தில் இருக்கும் பெண் எந்த வாக்கெடுப்பிலும் உட்காரவில்லை. "உணவு வரும் பாதையை அடைக்காதே, மருத்துவமனையை விடு" என்று அவள் கேட்பது உங்கள் ஊரில் கேட்ட அதே குரல், உங்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

பேசுவதும் பேசாததும் உங்கள் விருப்பம். உங்களை ஏசுகிறவருக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: முள்ளிவாய்க்கால் பற்றி அவர் இதுவரை என்ன எழுதியிருக்கிறார் என்று முதலில் எடுத்துக் காட்டட்டும்.

சூடான் பட்டினி பற்றி எழுதினால், "முதலில் உன் தெருவில் பசித்தவனைப் பார்" என்கிறார் ஒருவர். அவர் சொல்வது சரிதானே?
– வாசகர், கோவை

அவர் தெருவில் பசித்தவருக்குச் சோறு போடுகிறவர் என்றால் பாதி சரி. போடாதவர் என்றால் அவர் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் தள்ளிவிடுகிறார்.

இந்த வாதம் புதிதில்லை. 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்தபோது, பீட்டர் சிங்கர் என்ற இளம் ஆஸ்திரேலியர் ஒரு கட்டுரை எழுதினார். ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை முங்குகிறது, இறங்கினால் உன் உடுப்பில் சேறாகும், அவ்வளவுதான், இறங்குவாயா மாட்டாயா? இறங்குவாய் என்றால் குழந்தை பத்தடியில் இருந்தால் என்ன, பத்தாயிரம் மைலில் இருந்தால் என்ன? பிரிட்டன் அகதிகளுக்குக் கொடுத்தது ஒன்றரைக் கோடி பவுண்டுக்கும் குறைவு, கான்கார்ட் விமானத்தை உருவாக்கியதில் அதன் பங்குச் செலவு 27 கோடியைத் தாண்டிவிட்டது என்று அதே கட்டுரையில் காட்டினார்.

சிங்கரோடு நான் கடைசிவரை போக மாட்டேன். அம்மாவுக்கு மருந்து வாங்குவதற்கும் முகம் தெரியாதவருக்கு அரிசி அனுப்புவதற்கும் எனக்கு வித்தியாசம் உண்டு, அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. ஆனால் தூரம் மட்டுமே காரணமாகாது என்ற இடத்தில் அவரை யாரும் அசைத்ததாக நான் பார்க்கவில்லை. சூடானில் 2023 ஏப்ரலில் போர் தொடங்கியது, 2024-இல், இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த சம்சம் முகாமில் பஞ்சம் என்றே அறிவித்தார்கள். அதைப் பற்றி நீங்கள் எழுதுவதால் உங்கள் தெருவில் யாருக்கும் ஒரு கவளம் குறையப் போவதில்லை.

இப்படி வாதிட்டு யாராவது மனம் மாறியிருக்கிறார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

மாறியிருக்கிறார்கள் ஐயா. ஒருவரைச் சொல்கிறேன்.

தண்டவாளத்தில் ஐந்து பேர், வண்டி வருகிறது, நெம்புகோலைத் திருப்பினால் வேறு பாதையில் இருக்கும் ஒருவர் மட்டும் சாவார், திருப்பலாமா என்ற புதிரை உங்கள் மாணவர்களில் யாராவது கேட்டிருப்பார்கள். 1967-இல் ஃபிலிப்பா ஃபுட் என்ற பிரிட்டிஷ் தத்துவ ஆசிரியை தொடங்கிவைத்தது. அவர் கேட்டது வண்டி ஓட்டுநரைப் பற்றி. ஓரமாக நிற்கும் வழிப்போக்கர் நெம்புகோலைத் திருப்பலாமா என்ற கேள்வியைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கத் தத்துவ ஆசிரியை ஜூடித் ஜார்விஸ் தாம்சன். திருப்பலாம் என்றுதான் 1985-இல் எழுதினார். உலகம் முழுக்க வகுப்பறைகளில் அதுவே பாடமானது.

2008-இல், எண்பது வயதை நெருங்கும்போது, திருப்பக் கூடாது என்று புதிய கட்டுரை எழுதினார். தன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த மாணவர் ஒருவரின் ஆய்வேடு தன்னை மாற்றியது என்று அதிலேயே சொன்னார். தாம்சன் புதிரில் மூன்றாவது பாதை ஒன்றைச் சேர்த்தார். அந்தப் பாதையில் திருப்பினால் வண்டி வழிப்போக்கர் மேலேயே ஏறும். ஐந்து பேரைக் காப்பாற்ற அவர் தன்மேல் திருப்பிக்கொள்வாரா? மாட்டார், அப்படிச் செய்தே தீர வேண்டும் என்று அவரை யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. தான் கொடுக்காத விலையை, கேட்காமலே, பக்கத்துப் பாதையில் வேலை செய்துகொண்டிருக்கும் அந்த ஒருவர் தலையில் எப்படிக் கட்டலாம் என்று கேட்டார் தாம்சன். தன் பெயரை உலகறியச் செய்த பதிலை அவரே திரும்ப எடுத்துக்கொண்டார்.